கேலரி சீட்டு: வாசகர் கேள்வி பதில்

ஆட்டம் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்களிடம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் போகிறவர்கள்.

அண்ணா, எனக்கு ஜவுளிக் கடையில் வேலை. வாங்குவது கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிறது. ஆனாலும் இந்தியாவில் இருக்கிற பெரிய மைதானங்களில் ஒரு தடவையாவது உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
*குடியாத்தம் வாசகர்*

காட்பாடியில் ஆரம்பியுங்கள் தம்பி. கிண்டல் இல்லை. சென்னைக்காரருக்குச் சேப்பாக்கம் பக்கம், பெங்களூர்க்காரருக்குச் சின்னசாமி பக்கம், நமக்கு இரண்டுமே காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிற தூரம். அதுபோக, கேரளாவிலிருந்து டில்லிக்கும் தன்பாத்துக்கும் ஜம்முவுக்கும் போகிற வண்டிகள் காட்பாடியில் நின்றுதான் போகின்றன. இந்த ஒரு ஜங்ஷன் கையில் இருக்கும்போது நாம் ஏன் ஏர்போர்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

முதல் பயணத்துக்கு ஐபிஎல் வேண்டாம். மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பை ஆட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, போய் உட்கார வேண்டியதுதான். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934இல் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, மெட்ராசும் மைசூரும் ஆடி ஒரே நாளில் முடிந்துபோனது. இப்போது தமிழ்நாட்டு அணியின் ஆட்டங்கள் கோயம்புத்தூரிலும் சேலம் வாழப்பாடி பக்கத்து மைதானத்திலும்கூட நடக்கின்றன, இரண்டுக்கும் நம் ஊரிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. பவுண்டரி கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேப்டன் யாரைத் திட்டுகிறார் என்பது வரை காதில் விழும். அதே ரஞ்சிக்குக் கோலி வந்துவிட்டால் கதை வேறு. 2025 ஜனவரி கடைசியில் டில்லிக்கும் ரயில்வேஸுக்கும் நடந்த ஆட்டத்துக்கு அனுமதி இலவசம் என்று சொல்ல, விடிவதற்கு முன்பே கேட்டில் கூட்டம் நின்றது. மனிதர் 6 ரன்னில் போல்டு. கூட்டமும் எழுந்து போய்விட்டது. மீதி ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தவர்களைத்தான் நான் ரசிகர் என்பேன்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விலை பெரிதில்லை, தங்குகிற அறைதான் பர்ஸைக் காலி செய்யும். 2023 உலகக் கோப்பையில் இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு அகமதாபாத்தில் லாட்ஜ் வாடகை எகிறியபோது, ஒரு ராத்திரி தங்கி உடம்புப் பரிசோதனை செய்துகொள்கிறேன் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையை புக் செய்ய ஆள் கிளம்பியது என்று செய்தி வந்தது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் லாட்ஜில் தங்குவதைப் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நமக்கு அந்த வம்பு வேண்டாம். ராத்திரி ரயிலில் போய் இறங்குங்கள், ஸ்டேஷனிலேயே குளித்துவிட்டு பையைக் கிளோக் ரூமில் போடுங்கள், ஆட்டம் முடிந்ததும் ராத்திரி ரயிலிலேயே திரும்புங்கள். அறை எடுப்பது டெஸ்ட் மேட்சுக்கு மட்டும்தான்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் ஆகிவிட்டது. இந்திய அணி உள்ளூரில் ஆடும் அட்டவணை பல மாதம் முன்பே வந்துவிடும், அதனால் அறுபதாவது நாள் காலை 8 மணிக்கு உட்கார்ந்து போட்டுவிடலாம். ஐபிஎல்லுக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது, தட்கல்தான் கதி. ஏசி 10 மணி, ஸ்லீப்பர் 11 மணி, ஆதார் இணைக்காத கணக்கில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு விஷயம், திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் போடுங்கள். போவதற்கு எப்படியும் வழி கிடைக்கும், நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும்போதுதான் கஷ்டம். ஃபைனல் என்றால் ஒரு நாள் தள்ளியே போடுங்கள். 2023 ஐபிஎல் ஃபைனல் மே 28இல் நடக்க வேண்டியது, மழையால் மறுநாளுக்குப் போய், 30ஆம் தேதி விடிகாலைதான் ஜடேஜா அந்தக் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்து முடித்தார். அந்த இடைப்பட்ட ராத்திரியில் மஞ்சள் ஜெர்சியோடு அகமதாபாத் ஸ்டேஷன் தரையில் படுத்துக் கிடந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

என் வீட்டுக்காரர் மேட்ச் மேட்ச் என்று மாதம் ஒரு தடவை எங்காவது கிளம்பிவிடுகிறார். கேட்டால் "எனக்கு வேற கெட்ட பழக்கம் இருக்கா?" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?
*சத்துவாச்சாரி, பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு அம்மா*

"அப்போ எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்க" என்று சொல்லுங்கள். ஒன்று அவர் அடங்குவார், இல்லை நீங்களும் ரசிகை ஆகிவிடுவீர்கள். இரண்டும் நல்லதுதான்.

இந்தப் பித்தில் இரண்டு வகை உண்டு. பீகார் முசாபர்பூரைச் சேர்ந்த சுதிர் குமார் சௌத்ரி ஒரு வகை. உடம்பு முழுக்கத் தேசியக் கொடி பெயிண்ட், கையில் சங்கு, சச்சினுக்காக வாழ்க்கையையே எழுதிக் கொடுத்தவர், சைக்கிளை மிதித்து லாகூர் வரை போனவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார், அதனால் அவருக்குச் சரி. இன்னொரு வகை கொல்கத்தாவின் பன்னாலால் - சைதாலி சாட்டர்ஜி தம்பதி. 1982 ஸ்பெயின் கால்பந்து உலகக் கோப்பையில் ஆரம்பித்து 2018 ரஷ்யா வரை 10 உலகக் கோப்பைக்கும் கணவன் மனைவி சேர்ந்தே போனார்கள். பெரிய வசதிக்காரர்கள் இல்லை, நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து அடுத்த உலகக் கோப்பைக்குக் கிளம்புவார்கள். உங்கள் வீட்டுக்காரர் முதல் வகையாக ஆசைப்படுகிறார், ஆனால் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டாவது வகைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நம் நாட்டு மைதானங்களில் பெண்களுக்கான கழிப்பறை பல இடங்களில் இன்னும் மோசம்தான். கீழ் வரிசை டிக்கெட்டாக, வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் எடுங்கள். இன்னிங்ஸ் இடைவேளைக்கு இரண்டு ஓவர் முன்பே எழுந்து போய்விடுங்கள். 2025 நவம்பர் 2இல் நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பை வாங்கினார்களே, அந்த டி.ஒய். பாட்டில் மைதானத்தில் அன்றைக்கு எத்தனை அம்மாக்களும் பெண் குழந்தைகளும் என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கி வந்த கூட்டமாக அது தெரியவில்லை.

சார், டிவியிலேயே பத்து கோணத்தில் காட்டுகிறார்கள், ரீப்ளே போடுகிறார்கள். அவ்வளவு தூரம் போய் எறும்பு மாதிரி ஆட்களைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?
*ஆற்காடு வாசகர்*

டிவி பந்தைக் காட்டும். ஆட்டத்தைக் காட்டாது. பந்து வீசுவதற்கு முன் மிட் ஆஃபில் நிற்பவர் இரண்டு அடி நகர்வதும், டீப் ஸ்கொயர் லெக்கில் இருப்பவரை விக்கெட் கீப்பர் கையசைத்துப் பின்னால் அனுப்புவதும், அதைப் பேட்ஸ்மேன் பார்த்துவிட்டாரா இல்லையா என்பதும் நேரில்தான். ஹாக்கியில் இன்னும் மோசம். பெனால்டி கார்னரில் கேமரா, பந்தை அடிக்கிறவர் பின்னாலேயே இருக்கும், கோல் கம்பத்திலிருந்து உயிரைப் பணயம் வைத்துப் பந்தை நோக்கி ஓடி வருகிற அந்த முதல் ஆளை நேரில் பார்த்தால்தான் அது எத்தனை பயங்கரமான விளையாட்டு என்று புரியும்.

ஆனால் எங்கே உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது, அதில் உங்கள் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. பக்கவாட்டு கேலரியில் உட்கார்ந்து ஸ்விங் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது. டெஸ்ட் என்றால் பந்து வீச்சாளரின் கைக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரத்தில். டி20க்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான், யாரும் உட்காரவே விடமாட்டார்கள்.

அப்புறம், ஸ்கோர்போர்டில் வராத விஷயமும் இருக்கிறது. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆக, கையில் இருந்த டெஸ்ட்டை 12 ரன்னில் பாகிஸ்தானிடம் விட்டோம். கேலரி கொஞ்ச நேரம் உறைந்துபோய் இருந்துவிட்டு, எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். தட்டிய கைகளில் நம் பக்கத்துக் கைகளும் இருந்தன, இன்றும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள்.

பிளாக்கில் டிக்கெட் வாங்கலாமா?
*ஆம்பூர் வாசகர்*

வேண்டாம். ஒரே க்யூஆர் கோடை நாலு பேருக்கு விற்றிருப்பான், முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே, மீதிப் பேர் வெளியே. மழை பெய்து ஒரு பந்துகூட வீசாமல் போனால்தான் வழக்கமாகப் பணம் திரும்பும், அதுவும் புக் செய்தவர் கணக்குக்கு. உங்களுக்கு விற்றவன் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வான்.

2025 ஜூனில் பெங்களூரில் நடந்ததற்குப் பிறகு அப்பா என்னை எந்த ஸ்டேடியத்துக்கும் விடமாட்டேன் என்கிறார். அவர் சொல்வது சரியா?
*காட்பாடி, கல்லூரி மாணவர்*

அப்பா பயப்படுவதில் தப்பே இல்லை தம்பி. ஜூன் 4 அன்று சின்னசாமி வாசலில் நெரிசலில் சிக்கி 11 பேர் செத்தார்கள், பெரும்பாலும் உங்கள் வயசுப் பிள்ளைகள். அதற்குப் பிறகு மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்களே அங்கிருந்து நவி மும்பைக்கு மாறிப்போயின. ஆனால் அன்றைக்கு நடந்தது மேட்ச் இல்லை என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். பெங்களூர் அணி ஐபிஎல் கோப்பை வென்ற மறுநாள் அவசரமாக வைத்த கொண்டாட்டம். மேட்ச் என்றால் ஆளுக்கு ஒரு டிக்கெட், ஒரு கேட், ஒரு சீட். அன்றைக்கு யார் உள்ளே போகலாம், எந்தக் கேட் திறக்கும் என்பதே கூட்டத்துக்குத் தெளிவாகத் தெரியவில்லை, மைதானம் கொள்ளுகிற அளவைவிடப் பல மடங்கு ஆட்கள் தெருவில் நின்றார்கள். அதனால் டிக்கெட் இல்லாத கொண்டாட்டம், ஊர்வலம், ஏர்போர்ட்டில் வீரர்களைப் பார்ப்பது, இதற்கெல்லாம் போகமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுங்கள். எழுதிக்கூடக் கொடுங்கள்.

மேட்சிலும் சில விஷயங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். கேட் திறந்த அரை மணி நேரத்துக்குள் போய்விடுங்கள், கடைசி நேரத்தில்தான் நெரிசல் வரும். கடைசிப் பந்து விழுந்ததும் ஓடாதீர்கள், இருபது நிமிஷம் சீட்டிலேயே உட்காருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உங்கள் கையை நீங்களே தூக்க முடியாத அளவுக்குக் கூட்டம் இறுகினால் அது ஆபத்து. அதற்கு முன்பே இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டம் தள்ளுகிற பக்கமே போனபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தின் ஓரத்துக்கு நகருங்கள். எதிர்த்துத் தள்ளக் கூடாது. சுவர், கம்பித் தடுப்பு பக்கம் ஒதுங்கி நிற்கக் கூடாது. கீழே விழுந்த செருப்பையும் செல்போனையும் எடுக்கக் குனியவே கூடாது. உள்ளே செல்போனில் சிக்னல் கிடைக்காது, அதனால் நண்பர்களோடு எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சேப்பாக்கத்தில் ஆரம்பித்தால் அப்பாவுக்கும் நிம்மதி. சென்ட்ரலில் இறங்கி எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் சிந்தாதிரிப்பேட்டை, அதற்கடுத்து சேப்பாக்கம்தான். ராத்திரி ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடும், அப்போது பூந்தமல்லி போய்விட்டால் பெங்களூர், கிருஷ்ணகிரி பக்கம் போகிற பஸ் ஏதாவது வரும். வேலூர் கிரீன் சர்க்கிளில் இறக்கிவிடச் சொல்லி ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டை விட்டால் இந்த நாட்டில் ஊர் தாண்டிப் போய்ப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?
*ராணிப்பேட்டை வாசகர்*

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் ரூர்கேலா. ஒடிசாவில் அந்த எஃகு ஆலை ஊரில் 2023 ஜனவரியில் பிர்சா முண்டா ஹாக்கி மைதானத்தைத் திறந்தார்கள். 20,000 பேருக்கு மேல் உட்காரலாம், எல்லாருக்கும் சீட் போட்ட ஹாக்கி மைதானங்களில் உலகத்திலேயே பெரியது என்று கின்னஸில் இருக்கிறது. சுற்றியுள்ள சுந்தர்கர் மாவட்டம் இந்திய அணிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்களை அனுப்பிய பூமி. அங்கே கேலரியில் பக்கத்தில் உட்காருகிற பாட்டிக்குக்கூட பெனால்டி கார்னர் விதி தெரிந்திருக்கும். எப்படிப் போவது என்று யோசிக்காதீர்கள், ஆலப்புழை - தன்பாத் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் ஏறினால் ரூர்கேலாவில் இறக்கிவிடும். ஒரு அவசரமும் இல்லாத வண்டி அது, படிக்க ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது கொல்கத்தா. மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் கால்பந்து ஆட்டம். 1997 ஜூலை 13இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர் இருந்தார்கள், பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1. அந்தக் கூட்டம் இப்போது வருவதில்லை, மைதானத்திலும் சீட்டுகளைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் வெறி குறையவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். மீன் கடைக்காரரைக் கேட்டால் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடுவார். நமக்கு ஒரு வசதி உண்டு. காந்தி ரோடு பக்கம் லாட்ஜோ மருந்துக் கடையோ வைத்திருக்கிற எவரும் நாலு வார்த்தை வங்காளம் பேசுவார்கள், ஊரெல்லாம் வங்காளத்தில் போர்டு தொங்குகிறது. இத்தனை வருஷம் அவர்கள் வைத்தியத்துக்கு இங்கே வந்தார்கள், நாம் ஃபுட்பாலுக்கு அங்கே போவோம். வேலூர் என்று சொன்னால் போதும், யாருடைய மாமாவுக்கு இங்கே ஆபரேஷன் நடந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மலப்புரம் மஞ்சேரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் அங்கே பய்யநாடு மைதானத்தில் சந்தோஷ் டிராபி கால்பந்து ஃபைனலில் கேரளா பெனால்டியில் வங்காளத்தை வென்றது. மாநில அணிகள் ஆடுகிற ஆட்டம்தானே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், நோன்பு மாதத்தில்கூட அந்த மைதானம் நிரம்பி வழிந்தது.

ரொம்ப தூரம் வேண்டாம் என்றால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை. சென்னை போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்தப் பக்கத்தைக் கடந்துதான் போகிறோம், 1990இலிருந்து அங்கே கார், பைக் ரேஸ் நடக்கிறது. காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பக்கம் வேண்டுமா? நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கி வந்தார். வேலூரில் பளு தூக்குகிற பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு பளுதூக்கும் போட்டியை நேரில் உட்கார்ந்து பார்த்த வேலூர்க்காரர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் காளை விடும் விழாவுக்கு ஊர் ஊராக வேன் வைத்துப் போகிறோம். எங்களையும் ஸ்போர்ட்ஸ் ரசிகர் கணக்கில் சேர்ப்பீர்களா?
*அணைக்கட்டு வாசகர்*

உங்களைச் சேர்க்காமல் யாரைச் சேர்ப்பது? பொங்கலுக்கு ஆரம்பித்து கோடை வரும் வரை இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று தேதி எழுதி வைத்துக்கொண்டு போகிறீர்கள், காளையைப் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறீர்கள், போன வருஷம் எந்த ஊரில் எத்தனை செகண்டில் ஓடியது என்பதைப் பாயின்ட் வரை சொல்கிறீர்கள். இங்கிலாந்து கிரிக்கெட் அணியோடு ஊர் ஊராகத் திரிகிற பார்மி ஆர்மி செய்வதும் இதைத்தான், அவர்களுக்குப் பாட்டு கொஞ்சம் கூடுதல்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: இது மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு இல்லை. இங்கே யாரும் திமிலைப் பிடிப்பதில்லை, வாடிவாசலில் அவிழ்த்துவிட்ட காளை இருபுறமும் கட்டை கட்டிய தெருவில் எல்லைக் கோடு வரை ஓட வேண்டும், குறைந்த நேரத்தில் ஓடியதற்குப் பரிசு. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஒரு சண்டை மட்டும் உங்களோடு உண்டு. தடுப்புக்கு உள்ளே இறங்கி நிற்கிறீர்களே, அது எதற்கு? ஓடுகிற காளையைத் தட்டிவிட்டால் வேகம் கூடும் என்று ஒரு கூட்டம் தெருவிலேயே நிற்கிறது. இந்த விழாக்களில் குத்துப்பட்டுச் சாகிறவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். மாடியில் இடம் பிடியுங்கள். ஓட்டமும் முழுதாகத் தெரியும்.

மைதானத்துக்குள் ஆம்பூர் பிரியாணி கொண்டு போகலாமா?
*வாணியம்பாடி வாசகர்*

விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பை, சில இடத்தில் சில்லறைக் காசுகூட வெளியே வைத்துவிட்டு வா என்பார்கள். கேட்டுக்கு வெளியே நின்று சாப்பிட்டு முடித்துவிட்டுப் போங்கள், கத்தரிக்காயை மறக்காமல்.

எனக்கு 63 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். தர்மசாலாவில் ஒரு டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று ஆசை. தனியாகப் போகலாமா?
*பேரணாம்பட்டு வாசகர்*

தாராளமாகப் போகலாம் ஐயா. டெஸ்ட் மேட்ச் உங்களுக்காகவே கண்டுபிடித்தது. காலையில் போய் மாலையில் திரும்பலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம், யாரும் எழுந்து நின்று மறைக்கமாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், தௌலாதர் மலை அப்படியே மைதானத்தின் பின்னால் நிற்கும். அங்கே முதல் டெஸ்ட்டே 2017 மார்ச்சில்தான் நடந்தது, எல்லாத் தொடரிலும் அந்த ஊருக்கு ஆட்டம் கொடுக்கமாட்டார்கள், அட்டவணை வந்த அன்றே முடிவெடுத்துவிட வேண்டும்.

வாரம் ஒரு முறை வருகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று, பதான்கோட் வழியாகத்தான் மேலே போகிறது. ரயிலிலேயே இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும், அதனால் கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். மூத்தோர் சலுகைக் கட்டணம் 2020 மார்ச்சோடு நின்றுபோனது, முழு விலைக்குப் பணம் ஒதுக்குங்கள். பதான்கோட்டிலிருந்து பஸ்ஸில் மலை ஏற வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள், குளிரும் உயரமும் உடம்புக்குப் பழக வேண்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு சட்டைப் பையில் வையுங்கள், கேட்டில் சோதிப்பவர் கேட்டால் காட்டலாம். வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழல் விழுந்ததும் குளிரும், ஸ்வெட்டரும் தொப்பியும் இரண்டுமே வேண்டும். ஐந்து நாளுக்கும் டிக்கெட் எடுங்கள், ஆனால் திரும்பும் ரயிலை ஆறாம் நாளைக்குப் போடும்போது கூடவே ஒரு யோசனையும் இருக்கட்டும்: இப்போதெல்லாம் டெஸ்ட் மூன்று நாளில் முடிந்துவிடுகிறது, மீதி நாளில் பக்கத்து மலையூர் மெக்லியோட்கஞ்ச் போய்வரலாம்.